கீமோ டைம்ல வாங்குன விக்: மூணு ஸ்டார், மல்லிப்பூ வெச்சா ரெண்டு

மாம்பலம் பக்கம் ஒரு கடைல வாங்குனேன், கடை பேரு போடல, கொறையும் சொல்லப் போறேன்ல அதான். நெஜ முடி, தோள் வரைக்கும், 18,000 ரூபா. சிந்தெடிக் 4,500ல இருந்தே இருந்துச்சு. எனக்கு மார்ல கட்டி, கீமோல முதல்ல ஏத்துறது அந்த செவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், அது ஏறுனா ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்ட ஆரம்பிச்சிடும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. அதனால முடி இருக்கும்போதே போயிடுங்க, அப்பதான் கலரும் வகிடும் பாத்து மேட்ச் பண்ணுவாங்க.

கடைல ஒரு அக்கா திரைச்சீலை போட்டு மறைச்ச சின்ன ரூம்ல உக்கார வெச்சு டேப் வெச்சு அளந்தாங்க, நெத்தில இருந்து பிடரி வரைக்கும், இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும். "கீமோ எத்தனாவது சைக்கிள்மா?" எத்தனாவது ரவுண்டுன்னு அவ்ளோதான் கேட்டாங்க, ஐயோ இந்த வயசுலயான்னு உச்சு கொட்டல, எப்படி வந்துச்சுன்னு நோண்டல. ஒரு ஸ்டார் அந்த அக்காவுக்கே.

ஆனா விக் உள்பக்கம் நாலு சீப்பு கிளிப் தெச்சு குடுத்திருக்காங்க. கிளிப்பு எதுல மாட்டும்? முடில. அது இருந்தா நான் ஏன் விக் வாங்கப் போறேன்! மொட்டைத் தலைல அந்தக் கிளிப்பு குத்துது, பிரிச்சு எடுக்கச் சொன்னதுக்கு தனி சார்ஜ் வேற. டபுள் சைடு டேப் ஒட்டுங்கன்னாங்க, கீமோல தோலே காகிதம் மாதிரி இருக்கு, உரிச்சா கூடவே வருது. கடைசில உள்ள ஒரு வெல்வெட் பேண்டு போட்டப்பறம்தான் நின்னுச்சு, அதை வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கங்க. முடியோட அளந்தது முடி போனப்பறம் லூஸாயிடும், பிடரிகிட்ட இழுத்து இறுக்குற பட்டி இருக்கான்னும் பாருங்க.

நெஜ முடிலயே ரெண்டு வகை இருக்கு. கோயில்ல மொட்டை போட்ட முடி வேரும் நுனியும் ஒரே பக்கமா கொத்தா கிடைக்குது, அதை ரெமின்னு சொல்றாங்க, திருப்பதில ஏலம் விடுறாங்களே அது. இன்னொன்னு சீப்புல உதிர்ந்ததைச் சேத்து தெருவுல வர்றவங்ககிட்ட ஏனத்துக்குப் போடுவோமே, அந்த உதிரி முடி, வெல கம்மி ஆனா சீக்கிரம் சிக்கு விழுது. ரெமியான்னு கேக்காம காசை எடுக்காதீங்க. சிந்தெடிக் வாங்குனீங்கன்னா தோசைக்கல்லுகிட்ட போகவே போகாதீங்க, நுனி பொசுங்கி சுருண்டுடும். வெயில் காலத்துல எதைப் போட்டாலும் கசகசன்னு அரிக்கும், உள்ள மெல்லிசா ஒரு காட்டன் தொப்பி போட்டா கொஞ்சம் தேவல.

இப்ப மல்லிப்பூ மேட்டர். கொழுந்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு விக்கோட போனேன், மண்டப வாசல்லயே ஒரு முழம் பூவைக் குடுத்து வெச்சுக்கம்மான்னுட்டாங்க, வேணாம்னு சொன்னா அதுக்கு வேற அர்த்தம் பண்ணிப்பாங்கன்னு ஹேர்பின் குத்தி வெச்சேன். பூ கனத்துக்கு மொத்த விக்கும் அரை இஞ்ச் பின்னாடி போயிடுச்சு, நெத்தி பெருசா ஆயிட்டே போகுது, பந்தி முடியற வரைக்கும் ஒரு கை இலைல ஒரு கை தலைல. இதுல எதிர்ல உக்காந்த ஒரு அம்மா "முடி எவ்ளோ அடர்த்தி, என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க"ன்னு கேக்குறாங்க. செக்கு எண்ணெய்னுட்டேன், நாத்தனாருக்கு ரசம் பொறையேறிடுச்சு.

ஆனா விக் போட்டா வேற ஒரு தொல்லை இருக்கு, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டாங்க. பாக்க நல்லா இருந்தா உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னே முடிவு பண்ணிடுறாங்க. அன்னைக்கு என்னை ஜாக்கெட் பிட்டு வெச்சுக் குடுக்குற எடத்துல நிக்க வெச்சுட்டாங்க, மூணு மணி நேரம், கால் மரத்துப் போயி கீழ தரை இருக்கானே தெரியல, நாலு பேரு "ஆளு நல்லாத்தானே இருக்கா"ன்னு என் காதுபடவே பேசுனாங்க. அதே ஆளுங்க வீட்டுக்கு வந்து மொட்டைத் தலையைப் பாத்தா உடனே கண்ணு கலங்கி, எங்க பெரியம்மாவுக்கும் இதேதான், கடைசில ரொம்ப கஷ்டப்பட்டாங்கன்னு ஆரம்பிக்கிறாங்க. போகும்போது முள்ளு சீத்தா இலைக் கஷாயம் குடி, கீமோவே வேணாம்னு வாட்ஸப் ஃபார்வேர்டு. ஒருத்தங்க எங்க வீட்டு டம்ளர்ல தண்ணி கூட குடிக்கல, இது ஒட்டுவாரொட்டி இல்லன்னு எத்தனை தடவைதான் சொல்றது. ட்ரீட்மென்ட் எங்கன்னு கேட்டு அடையாறுன்னு பதில் சொன்னா போதும், மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க, அங்க கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்ச 1954ல இருந்து இந்த ஊருக்கு அந்தப் பேரோட அர்த்தம் தெரியும்.

வெளி ஆளுங்களால ஒரு பிரச்சனையும் இல்ல. மொட்டையோட கீரை வாங்கப் போனேன், கீரைக்கார அம்மா "பழனியா திருப்பதியா கண்ணு?"ன்னு கேட்டுச்சு, பழனின்னேன், முருகன் பாத்துப்பான்னு ஒரு கட்டு கொத்தமல்லியைச் சேத்துப் போட்டுச்சு. நம்மூர்ல பொம்பளைங்க மொட்டையா இருக்குறது அதிசயமே இல்ல. அதனால தெருவுக்கு, கடைக்கு, பஸ்ஸுக்கு எல்லாம் விக் தேவையே இல்ல, ஒரு காட்டன் துப்பட்டா போதும். விக் வேணுங்கறது சொந்தக்காரங்களுக்கும் ஆபீஸுக்கும்தான், அதுக்குப் போயி 18,000 தண்டம்னுதான் சொல்லுவேன், குட்டையா ஒரு சிந்தெடிக் போதும். காசு பிரச்சனைன்னா ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர்கிட்ட கேளுங்க, தானமா வந்த முடில விக் செஞ்சு இலவசமா தர்ற அமைப்புங்க இருக்கு.

அப்பறம், ரெண்டாவது மருந்து ஆரம்பிச்சா புருவமும் போகலாம், எனக்கு பாக்லிடாக்சல்ல போயிடுச்சு. விக் எவ்ளோ நல்லா இருந்தாலும் புருவம் இல்லன்னா தெரிஞ்சிடும், ஒரு புருவ பென்சிலும் வாங்கி வெச்சுக்கங்க. கடைல ரிட்டர்ன் கிடையாது, சும்மா போட்டுப் பாத்துட்டு எடுக்காதீங்க, குனிஞ்சு நிமிந்து தலையை ஆட்டிப் பாத்துட்டு எடுங்க. முடிஞ்சா கைல ஒரு முழம் பூ கொண்டு போங்க.