வீதி விழாவுக்கு மேளம் பேச வந்தவர்: சக கலைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாதஸ்வரம் வாசித்துப் பிழைக்கிறவன் நான். அப்பாவுக்குப் பின்னால் நின்று வாசித்த காலத்தையும் சேர்த்தால் 22 வருடம் ஆகிறது. கோயில், கல்யாணம், காதுகுத்து என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டு போய்த்தான் பழக்கம். வீதி விழா என்ற ஒன்றுக்குக் கடந்த சித்திரையில்தான் முதன்முதலாகச் சென்னைக்குப் போனேன். ஏமாந்த கதையைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை ஏமாற்றிய அதே ஆள் ஆடி மாதத்துக்கு வேறொரு ஊரில் ஒரு செட் மேளம் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தவில்காரத் தம்பி சொன்னான். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அவர் விழா நடத்துகிறவர் அல்ல. நடத்துகிறவர்களுக்குக் கலைஞர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே “குருஜி” என்றார். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். புத்தாண்டை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்து விழா, மாலை 6 மணிக்கு மேடையில் ஒன்றரை மணி நேரம் கச்சேரி, 45,000 ரூபாய், சாப்பாடு அவர்கள் பொறுப்பு. பேசி முடித்த ஐந்தாவது நிமிடத்தில் 5,000 ரூபாய் அச்சாரம் என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. அந்த வேகத்தில்தான் விழுந்தேன். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, “லொகேஷன் அனுப்புகிறேன் குருஜி” என்றார். அது வந்தது விழாவன்று காலையில், நாங்கள் விக்கிரவாண்டியைத் தாண்டிய பிறகு.

இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், வேன் ஓட்டுநரோடு ஆறு பேர். மாலைக் கச்சேரிதான் என்றாலும், ஒலிபெருக்கி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி மதியம் 2 மணிக்கே வரச் சொல்லியிருந்தார். போய் இறங்கினால், சரிபார்க்க அங்கே ஒலிபெருக்கியே வந்திருக்கவில்லை. தெருமுனையில் வாழைமரம் கட்டிய வளைவு ஒன்று இருந்தது. “விருந்தினர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், சும்மா பத்து நிமிடம் இங்கே நின்று வாசியுங்கள்” என்றார். அந்தப் பத்து நிமிடம் நாலரை மணி வரை நீண்டது. சித்திரை வெயில், காலடியில் தார்ச்சாலை, தலைக்கு மேலே ஒரு துணிகூட இல்லை.

வாத்தியம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சீவாளி என்பது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி, நாணலில் செய்வது. வாயின் ஈரத்தில்தான் அது பேசும். அந்த அனல் காற்றில், உதட்டிலிருந்து எடுத்து அடுத்த உருப்படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் காய்ந்து கத்த ஆரம்பித்தது. வாத்தியத்தில் தொங்கும் கொத்திலிருந்து மாற்றி மாற்றிப் போட்டேன், மூன்று போயின. அதில் ஒன்று, ஒரு வருடமாகப் பக்குவப்படுத்தி, கல்யாணி ராகம் வாசிக்கும்போது மட்டும் எடுப்பது. மூத்த தவில்காரருடைய வலந்தலை, அதாவது தவிலின் வலப்பக்கத் தோல், இழுத்துக்கொண்டே போய், மூன்றரை மணிக்கு விளிம்போரம் நூல் அளவுக்குக் கிழிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ஒற்றைத் தவில்தான்.

நடுவில் ஒரு கார் வந்து நின்றது. விழாவுக்குப் பணம் கொடுத்த கடைக்காரர் என்றார்கள். ஒப்பந்தக்காரர் ஓடிவந்து, “குருஜி, அந்தக் கம்பீரமாக வருமே, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பீர்களே, அதைப் போடுங்கள்” என்றார். மல்லாரியைக் கேட்கிறார்! கம்பீர நாட்டை ராகத்தில், சாமி வீதிக்குக் கிளம்பும்போது வாசிப்பது அது. கார் கதவு திறப்பதற்கு வாசிப்பதில்லை என்று சொன்னேன். “பணம் கொடுப்பவர் அவர்தான்” என்றார். கூட வந்த நான்கு பேருடைய கூலியும் ஓட்டுநரின் வாடகையும் கண்முன் வந்தன. வாசித்தேன். இந்தப் பதிவில் எழுதவே பிடிக்காத வரி இதுதான்.

மேடை 6 மணிக்குக் கிடைக்கவில்லை. சிறுவர் நடனம், கோலப்போட்டிப் பரிசு, அதன்பின் இரண்டு மணி நேரம் திரைப்பாட்டு. எங்களை ஏற்றியபோது மணி 9.35. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் அனுமதி. அது ஊருக்கே தெரிந்த விதி. ஆலாபனையைச் சுருக்கி ஒரு கீர்த்தனை, ஒரு துக்கடா. 10 மணிக்கு ஒரு காவலர் வந்து மணிக்கட்டைக் காட்டினார், மைக் நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி மட்டும் எழுந்துவந்து, “எங்கே தம்பி இருந்தீர்கள் இவ்வளவு நேரம்?” என்று கேட்டார். வாசலில்தான் நின்றோம் அம்மா என்றேன்.

கணக்கு முடிக்கும் இடத்துக்கு வருகிறேன். விழா நோட்டீஸின் பின்பக்கத்தில் அவர் பேனாவால் எழுதியதை அப்படியே தருகிறேன். பேசியது 45,000. மேடையில் 25 நிமிடமே வாசித்ததால் பாதி, 22,500. அதில் 10 சதவீதம் வருமான வரிப் பிடித்தம், 2,250. அச்சாரம் 5,000. ஆறு சாப்பாடு, தலைக்கு 250, ஆக 1,500. மீதி 13,750. வெயிலில் நின்ற இரண்டரை மணி நேரம் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. எங்கள் வேன் ஓட்டுநர் தின்ற எலுமிச்சை சாதம் மட்டும் மறக்காமல் ஏறியிருந்தது.

ரொக்கம் இல்லை, செக் என்றார். கூடவே ஒரு ரசீதை நீட்டினார்: “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி ஏதுமில்லை.” பணம் தயாராக இல்லாத மனிதரிடம் ரெவென்யூ ஸ்டாம்பு மட்டும் ஒட்டித் தயாராக இருந்தது. இரவு 11 மணி, முன்னால் 300 கிலோமீட்டர் பயணம், வேனில் பசியோடு ஐந்து பேர். கையெழுத்துப் போட்டேன். நான் செய்த பிழைகளிலேயே பெரியது அதுதான், யாரும் செய்துவிடாதீர்கள். செக் வாங்கினால் “இன்ன எண்ணுள்ள செக் பெற்றேன், பணமாகும் பட்சத்தில்” என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று பிற்பாடு வழக்கறிஞர் சொன்னார்.

செக் திரும்பியது. கணக்கில் போதிய பணம் இல்லை. ஒப்பந்தக்காரரை அழைத்தால் முதல் வாரம் “ஸ்பான்சர் பணம் வரவில்லை” என்றார். இரண்டாம் வாரம் எண்ணே எடுபடவில்லை. வேன் வாடகை 14,000, கூட வந்தவர்களுக்கு 19,000, இரண்டையும் என் கையிலிருந்து கொடுத்தேன். வந்தது அச்சாரம் 5,000 மட்டும்.

வரிப் பிடித்தம் என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த வரியை என் பெயரில் அரசுக்குக் கணக்குக் காட்ட என் பான் எண் வேண்டும். அவர் கடைசிவரை அதைக் கேட்கவே இல்லை! உண்மையில் கட்டிக் கணக்கும் காட்டியிருந்தால் வருமான வரித்துறை இணையதளத்தில் என் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். கணினி மையத்தில் உட்கார்ந்து பார்த்தேன், காலியாக இருந்தது. வரி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மைப் போன்றவர்கள் வாயடைத்துப் போவோம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

செக் திரும்பினால் சும்மா இருக்காதீர்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி, வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று அவர் இழுப்பதெல்லாம் அந்த 30 நாளை ஓட்டத்தான். எனக்கு 26ஆம் நாள்தான் இந்த விதி தெரிந்தது. 27ஆம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நோட்டீஸில் செக் தொகையை மட்டுமே கேட்க முடியும். மீதிப் பணத்துக்குத் தனியாகத்தான் வழக்குப் போட வேண்டும், அதற்கு நான் கையெழுத்திட்ட ரசீது குறுக்கே நிற்கிறது. பின்பக்கத்தில் அவர் கணக்கு எழுதிய அந்த விழா நோட்டீஸ் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவர் கையெழுத்திலேயே 45,000 என்று இருப்பதால் வழக்கறிஞர் அதை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்.

ஒப்பந்தக்காரரின் பெயரைப் போட வேண்டாம் என்பது வழக்கறிஞரின் யோசனை. அடையாளம் சொல்கிறேன். “குருஜி” என்பார். கேட்காமலே 5,000 அச்சாரம் அனுப்புவார். தெருவின் பெயரைச் சொல்லமாட்டார். மேடை எத்தனை மணிக்கு, வாசலில் நிற்க வேண்டுமா, பந்தல் உண்டா என்று எழுதிக் கேட்டால் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று வரும். அந்தப் படம் வந்தவர்கள் அச்சாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். இதுவரை இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒருவர் திருவாரூர்ப் பக்கம், ஒருவர் நையாண்டி மேளக்காரர்.