90 நாள் நன்றி டைரி: எழுதிப் பார்த்த அனுபவம்

ஆன்லைனில் 349 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, இதே மாதிரி டைரிகள் நிறைய வருகின்றன, நான் சொல்வது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

எங்களுக்கு ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊர். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கிவிட்டால் அவர் கடலில் இருக்கும் இரவெல்லாம் எனக்குத் தூக்கம் கிடையாது, எல்லைப் பக்கம் பிடித்துவிட்டார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்த நேரத்தில் மனதுக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன்.

தினமும் பத்து நன்றி எழுதப் பத்து கோடு போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாளே நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று ஒப்புக்கு நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடன் இருந்தவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் எழுதச் சொன்னது மூன்றே மூன்றுதான்: அன்று நன்றாக நடந்த மூன்று விஷயம், கூடவே ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணம். தினமும் இரவில், ஒரு வாரத்துக்கு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படி எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியிருந்தது, சோர்வு குறைந்திருந்தது, அதிலும் வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே எழுதிவந்தவர்களுக்கு நன்றாகவே பலன் இருந்தது. இந்த டைரியில் காரணம் எழுத ஒரு கோடுகூட இல்லை. என் அனுபவத்தில் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஒரு நாள் 'ராத்திரி நண்டுக் குழம்பு' என்று எழுதிவிட்டு, ஓரத்தில் ஏன் என்று எழுத யோசித்தேன். பாசி எடுக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, நாட்டுப்படகுக்காரரிடம் தனக்கு வாங்கும்போது எனக்கும் நாலு நண்டு வாங்கி, காசு அப்புறம் தா என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். நண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் அக்கா என் நினைவுக்கே வந்திருக்க மாட்டார். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "என்னடி, ராத்திரி தூங்கவே இல்லையா?" என்று கேட்டார், கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது படகு போகும் நாட்களில் ராத்திரி ஒன்பது மணி வரை அந்தத் திண்ணையில்தான் இருக்கிறேன்.

டைரியில் எனக்கு ரொம்பப் பிடித்தது நன்றிக் கடிதப் பக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு எழுதி, தபாலில் போடாமல் உச்சிப்புளிக்கு நேரிலேயே போய்ப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே ஆய்வில் உடனடியாக அதிக மகிழ்ச்சி தந்ததும் இதுதான். ஆனால் ஒரு மாதம் வரைதான் நின்றது, மூன்றாம் மாதம் பார்த்தபோது பலன் போய்விட்டது. எனவே வருடத்துக்கு ஒரு கடிதம் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் 90 நாளில் மன அழுத்தமெல்லாம் தீரும் என்று அச்சடித்திருப்பது தவறு. வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு டைரி போதாது, டாக்டர் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை அங்கே போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

இன்னொன்று, கம்பி ஸ்பைரல். எங்கள் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் துருப்பிடித்து, முதல் இருபது பக்கம் கையோடு வந்துவிட்டது.

5-க்கு 2 கொடுக்கிறேன், அந்த இரண்டும் கடிதப் பக்கத்துக்காக. கடலோரத்தில் இருப்பவர்கள் தைத்த நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் நடந்ததையும் வலது பக்கம் அது ஏன் நடந்தது என்பதையும் எழுதுங்கள். என்னுடைய அடுத்த நோட்டு அப்படித்தான் இருக்கிறது.