கறிக் குழம்பில் உருளைக்கிழங்கா, நூக்கலா?

ஆட்டுக்கறியில் மாவுச்சத்து கிடையாது. குழம்பில் அதைக் கூட்டுவது கூடவே போடும் காய்தான். 100 கிராம் உருளைக்கிழங்கில் சுமார் 17 கிராம் மாவுச்சத்து. அதே அளவு நூக்கலில் 6 தான். வைட்டமின் சியும் இதில் அதிகம்.

சரி, ருசி? உருளைக்கிழங்கு மசாலாவை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஓரம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். அந்தச் சுகம் நூக்கலில் இல்லை. ஆனால் தோலைத் தடிமனாகச் சீவி, கறி முக்கால் பதம் வெந்த பிறகு போட்டால், இலேசான இனிப்போடு உடையாமல் நிற்கும். கெட்டிக்குக் கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றினால் போதும்.

சர்க்கரை உள்ள அப்பாவுக்கு நூக்கல்தான் வைக்கிறேன். எப்போதாவது ஆசைக்கு இரண்டு துண்டு உருளைக்கிழங்கு. அன்று சோறு ஒரு கரண்டி குறையும்.