தாத்தாவின் கப்பல் பதிவுகள்: சந்தா கட்டித் தேடிய அனுபவம்

பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் கேட்டார்: "அந்த வம்சாவளித் தளத்தில் சந்தா குறைந்துவிட்டதாமே, எங்கள் பெரியப்பாவும் வெள்ளைக்காரன் கப்பலில் இருந்தவர்தான், சேரலாமா?" நான் பல வருடங்களாக அதில் சந்தாதாரர். எங்கள் அம்மாவின் அப்பா பினாங்கில் பிறந்தவர். 1950களில் இங்கிருந்தே பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ஏறி, இன்ஜின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் கிரீசராக வேலை பார்த்தவர். அவருக்காகத்தான் சேர்ந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பயணிகள் பட்டியல்களின் படங்கள் அங்கே அவ்வளவு தெளிவு. எழுத்தரின் பேனா மை கசிந்த இடம்கூடத் தெரியும். தளம் எங்கும் திணறாது. கடிதம் போட்டால் மறுநாளே பதில் வரும். விலை குறைந்ததும் உண்மைதான்.

ஆனால் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் கப்பல் பதிவுகளுக்குள் நுழையவே முடியாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர் உண்டு, இனிஷியல் உண்டு, பழைய பிறப்புப் பத்திரத்தில் நடுவே ஒரு எஸ்/ஓ உண்டு. அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருந்தவர் இதில் எதைத் தூக்கி முன்னால் போட்டாரோ, அதுதான் அந்த மனிதருக்குப் பெயர். முத்துசாமி என்று ஒருவர் இருந்தால், மூட்டூசாமி, முட்டுசாமி, மூத்தோசாமி என்று கப்பலுக்குக் கப்பல் வேறு ஆள் ஆகியிருப்பார். பிறந்த ஊரை மட்டும் கொடுத்துத் தேடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எழுதிக் கேட்டேன். "உங்கள் குடும்பப் பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கவும்" என்றார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ மாற்றினார்கள், அந்தக் கட்டத்தை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

தாத்தா கடைசியில் கிடைத்தது வேறு இடத்தில். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை யாரும் இலவசமாகத் தேடலாம். அதில் பிடி 372 என்ற வரிசை, 1913 முதல் 1972 வரையிலான கடலோடிகளின் காகிதங்களை ஆளுக்கொன்றாகப் போட்டு வைத்த உறைகள். ஒவ்வொரு பதிவிலும் டிஸ்சார்ஜ் எண் (கடலோடியின் பணிப் புத்தகத்தின் எண்), பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர். அந்த வரிசைக்குள் மட்டும் தேடும்படி வைத்து, பெயரே போடாமல் பினாங்கு என்று அடித்தேன். பிறந்த தேதியைப் பார்த்துக்கொண்டே இறங்கினால், அவருடைய அப்பாவின் பெயரைத் தலைப்பாகத் தாங்கிக்கொண்டு தாத்தா இருந்தார்! அப்புறம் உறைக்குள் இருப்பதன் நகலுக்குத்தான் பணம்.

அதைவிட என்னை மகிழ்வித்தது ஓர் எண். கடலோடிகளிடம் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி: கப்பல் பெயர், அதிகாரப்பூர்வ எண், ஏறிய தேதியும் துறைமுகமும், இறங்கிய தேதியும் துறைமுகமும், பார்த்த வேலை, நடத்தைக்கு 'வெரி குட்' முத்திரை. கப்பலை வேறு கம்பெனிக்கு விற்று வேறு பெயர் வைத்தாலும், பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை அந்த எண் மாறாது. ஒரே பெயரில் மூன்று கப்பல் ஓடினாலும் குழப்பம் இல்லை. மனிதர்களின் பெயரை இஷ்டத்துக்கு எழுதியவர்கள் கப்பல் எண்ணை எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது கோபமும் வருகிறது, நன்றியும் வருகிறது. அந்த எண் கையில் இருந்தால் ஆளின் பெயரை எப்படி எழுதியிருந்தாலும் கவலை இல்லை. கப்பலைப் பிடித்து, அதன் ஊழியர் பட்டியலில் ஒவ்வொரு வரியாகப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். பட்டியலில் வயது, ஊர், இதற்கு முன் இருந்த கப்பல், கையெழுத்து எல்லாம் உண்டு.

அந்தப் பட்டியல்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. 1951 முதல் 1976 வரை உள்ளவற்றில் பெரும்பகுதி, சுமார் 70 சதவீதம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. 1955, 1965 என 5இல் முடியும் வருடங்கள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். மாதிரிக்கு எடுத்து வைத்த 10 சதவீதம் கியூவில். எங்கே எழுதினாலும் கேட்பது கப்பல் எண்ணும் வருடமும்தான். எண் தெரியாவிட்டால், ஊழியர் பட்டியல் அட்டவணைத் திட்டத்தின் இலவசத் தளத்தில் கப்பல் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: பெரியப்பா எந்தத் துறைமுகத்தில் ஏறினார்? கல்கத்தா, பம்பாயில் தனி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் பலருக்கு லண்டன் பதிவேட்டில் தனிக் கோப்பு இருக்காது. அவர்களுக்கு ஊழியர் பட்டியல்தான் கதி.

சரி, சந்தா கட்டலாமா? படம் தெளிவு, பதில் வேகம், விலையும் பாதி. எல்லாம் நல்லதுதான். எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம் என்பேன். பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கனடாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.