ஏ.என்.ஏ. டெஸ்ட்: இரண்டு லேப், இரண்டு ரிப்போர்ட்

காலையில் எழுந்தால் அக்காவுக்கு விரலை மடக்க முடியாது, அப்படி ஒரு விறைப்பு. டாக்டர் ஏ.என்.ஏ. டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்; உடம்பு தன் செல்களின் உட்கருவையே எதிர்த்து உண்டாக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அது. முதல் லேபில் ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தார், ஒரே குத்தில் ரத்தம் எடுத்தார், ராத்திரியே ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆனால் அதில் இருந்தது ஒரே வரி: 'பாசிட்டிவ்', சிவப்பு எழுத்தில். எந்த முறையில் பார்த்தார்கள், டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் வருகிறது என்ற எண்) எவ்வளவு, ஒன்றும் இல்லை. அன்று அக்கா தூங்கவே இல்லை.

டாக்டர் சொன்னதால் வேறு லேபில் மறுபடி எடுத்தோம். இரண்டு நாள் கூடுதலாக ஆனது, ஆனால் ரிப்போர்ட் என்றால் இதுதான். ஹெப்-2 என்ற, லேபில் வளர்த்த மனிதச் செல்லில் ஃப்ளோரசன்ஸ் முறை (ஆன்டிபாடி ஒட்டிய இடம் ஒளிரும்), டைட்டர் 1:80, கீழே படமும் இருந்தது: கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் உட்கருக்கள், ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். 1997-இல் பல லேபுகள் சேர்ந்து செய்த ஆய்வில், நோயே இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு 1:80-இல் பாசிட்டிவ் வந்தது, 1:320-இல் 3 பேருக்குத்தான். டைட்டர் எண்ணைப் போடாமல் 'பாசிட்டிவ்' என்று மட்டும் அனுப்புவது ஆளைக் கலங்கடிக்கிற வேலை.

இன்னொன்று, இந்த ஆன்டிபாடிகள் ஒரே நாளில் முளைப்பதில்லை. அமெரிக்க ராணுவத்தினரிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தச் சீரத்தை வைத்து 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. லூபஸ் (நோயெதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) வந்த 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டுபிடிக்கும் முன்பே ஏதாவது ஒரு தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி இருந்திருக்கிறது, சிலருக்கு ஒன்பது வருஷத்துக்கும் முன்னால். இந்த ஆன்டிபாடி வகைகள் வருவதிலும் ஒரு வரிசை உண்டு: ஏ.என்.ஏ., ஆன்டி-ரோ எல்லாம் முதலில், டி.எஸ்.டி.என்.ஏ. அப்புறம், ஆன்டி-எஸ்.எம். நோய் நெருங்கும்போது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் வரும் சி.சி.பி. ஆன்டிபாடியும் இப்படித்தான், முதலில் ஒன்றிரண்டு புரதங்களைக் குறிவைத்து, போகப்போகப் பக்கத்துப் புரதங்களுக்கும் பரவும். ஆனால் அந்த 130 பேரும் நோய் வந்தவர்கள், அவர்களிலிருந்து பின்னோக்கிப் பார்த்த கணக்கு அது. ஏ.என்.ஏ. இருக்கிற எல்லோருக்கும் லூபஸ் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, நிறையப் பேருக்கு வருவதே இல்லை.

இரண்டாவது லேபிலும் ஒரு குறை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ.என்.ஏ. எடுங்கள் என்று மெசேஜ் மேல் மெசேஜ். நோய் ஏறுவதும் இறங்குவதும் ஏ.என்.ஏ. எண்ணில் தெரியாது. ஒருவேளை லூபஸ் என்றே ஆனால் தொடர்ந்து பார்க்க வேண்டியது டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 (ரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்கள்), சிறுநீரில் புரதம், இவைதான்.

டாக்டர் டைட்டரைப் பார்த்தார், வாய்ப்புண், முடி கொட்டுவது, வெயில் பட்டால் தடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், சிறுநீர் டெஸ்ட் மட்டும் எழுதினார். முதல் லேபுக்கு ஐந்துக்கு 2, இரண்டாவதுக்கு 4. எங்கே எடுத்தாலும் முறையும் டைட்டரும் ரிப்போர்ட்டில் வருமா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள், பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.