சுங்கை பூலோ கடலோரப் பாதை: பிள்ளைகளோடு நடப்பதற்கு ஏற்றதா?

சிங்கப்பூரின் வடமேற்கில், ஜொகூர் நீரிணையை ஒட்டியுள்ள சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் குடும்பத்தோடு செல்ல நினைப்பவர்கள், முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏற்ற வற்ற அட்டவணையைத்தான். அனுமதி இலவசம், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். ஆனால் காலையில் கண்ட இடத்தை மாலையில் அடையாளம் காண முடியாத அளவுக்கு நீர்மட்டம் அங்கே காட்சியை மாற்றிவிடுகிறது.

கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் அருகிலுள்ள வருகையாளர் நிலையத்திலிருந்து புறப்படும் கடலோரப் பாதை 1.3 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெரியவர்கள் விரைந்து நடந்தால் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். பிள்ளைகளோடு சென்றால் அந்தக் கணக்கு செல்லாது. வழியில் கடலைப் பார்த்தபடி சிறு மேடைகள் இருக்கின்றன. எதிர்க்கரையில் மலேசிய நகரமான ஜொகூர் பாருவின் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரிகின்றன.

நீர் வற்றிய வேளையில்தான் இந்தப் பாதை களைகட்டுகிறது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் பென்சில் முனைகளைப் போல நிமிர்ந்து நிற்கும் சேற்றில், மட்ஸ்கிப்பர் மீன்கள் முன்துடுப்புகளை ஊன்றி ஏறி வருகின்றன. தலையின் உச்சியில் துருத்தி நிற்கும் கண்களை அவ்வப்போது உள்ளே இழுத்து ஈரப்படுத்திக்கொண்டு மீண்டும் வெளியே நீட்டுகின்றன. அவற்றின் பக்கத்திலேயே ஆண் பிடில் நண்டுகள், உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிதான ஒற்றைக் கொடுக்கை ஆட்டிப் பெண் நண்டுகளை அழைக்கின்றன. முதலையைப் பார்க்கவேண்டும் என்று வீட்டிலிருந்தே அடம்பிடித்து வந்த எங்கள் மகள், இவற்றைக் கண்டதும் முதலையையே மறந்துவிட்டாள்.

பறவைகளைக் காண விரும்புவோருக்கு இந்த நீர்மட்டக் கணக்கு தலைகீழாகும். இந்தக் காப்பகத்தின் குளங்கள் முன்பு இறால் பண்ணைகளாக இருந்தவை; பறவை ஆர்வலர்கள் 1986இல் இவ்விடத்தின் அருமையை உணர்ந்து எடுத்துக்கூறியதன் பயனாக 1993இல் இது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பண்ணைக்கால மதகுமுறை இன்றும் பயன்படுகிறது. கடல் ஏறி வெளிச்சேற்றை மூழ்கடிக்கும்போது, மதகுகளால் நீர்மட்டம் குறைத்து வைக்கப்பட்ட குளங்களில் பவளக்கால் உள்ளான், சிறு கோட்டான் போன்ற கரையோரப் பறவைகள் வந்து இறங்குகின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைக் காலம். இப்பறவைகளைக் காண வலசைப் பறவைப் பாதையில் செல்லவேண்டும். அது ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சிறு பிள்ளைகளுக்கு இரண்டு பாதைகளையும் ஒரே நாளில் வைப்பது அதிகம் என்பது என் கருத்து.

உவர்நீர் முதலைகளைப் பெரும்பாலும் ஆற்றின் மேலுள்ள பெரிய பாலத்திலிருந்து காண்கிறார்கள். நீளமான கேமராக்களோடு கூட்டம் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள்; யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். பாதையைவிட்டு இறங்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. குறுக்கே போகும் நீர் உடும்புக்கு வழிவிட்டு நின்றால் போதும். குரங்குகள் நெகிழிப் பைகளைக் குறிவைப்பதால் தின்பண்டங்களை முதுகுப் பைக்குள் வைக்கவேண்டும்.

பாதையில் கடைகள் இல்லாததால், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியும் கொசுவிரட்டி மருந்தும் கட்டாயம். சைக்கிளுக்கும் வளர்ப்பு நாய்க்கும் அனுமதி இல்லை. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து நீர்த்தேக்கம்வரை வருகிறது; காலை உணவை நிலையத்தின் அருகிலேயே முடித்துக்கொண்டு ஏறிவிடுவது வசதி.