மிஞ்சும் இரண்டு தெரிவுகளில் எது?

முகாமைத்துவ மேற்படிப்பில் சேர எழுதும் ஜிமேட் (GMAT) பரீட்சைக்குப் படிக்கும் அக்காவின் மகள், போன கிழமை உப்புவெளி வீட்டு விறாந்தையில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். 'உண்மையெனக் கொண்டால், வாதத்தை மிகவும் வலுப்படுத்துவது எது?' என்ற வகைக் கேள்வி. ஐந்து தெரிவுகளில் மூன்றை உடனே வெட்டிவிட்டாள். மிஞ்சிய இரண்டில் பிழையானதைப் பிடித்துக்கொண்டாள். அநேகம் பேர் சறுக்குவது அங்கேதான். அவளுக்காக நம்ம ஊரை வைத்தே ஒரு கேள்வி எழுதினேன்.

நிலாவெளிப் படகுக்காரர் ஒருவர் மே மாதம் புறாத்தீவுக்கான கட்டணத்தைக் குறைத்தார். ஜூனில் அவருடைய படகில் ஆட்கள் கூடினார்கள். ஆகவே ஆட்களைக் கூட்டியது கட்டணக் குறைப்புத்தான்.

தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் ஓட்டையைத் தேட வேண்டும். திருகோணமலைக்காரருக்கு அது உடனே பிடிபடும். சித்திரை பிறந்தால் நம்ம கடல் அடங்கிவிடும், சீசன் தொடங்கிவிடும். ஆட்கள் விலைக்காகவும் வந்திருக்கலாம், கடலுக்காகவும் வந்திருக்கலாம். வாதமோ கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இனித் தெரிவுகள். 'ஜூனில் வந்தவர்களில் பலர் கட்டணம் நியாயமானது என்றார்கள்' என்பது ஒன்று. 'கட்டணத்தைக் குறைக்காத மற்றப் படகுகளில் ஜூனில் ஆட்கள் கூடவில்லை' என்பது இன்னொன்று.

அவள் முதலாவதைத்தான் எடுத்தாள். கட்டணம் என்ற சொல் அதிலேயே இருக்கிறது, வந்தவர்களே பேசுகிறார்கள், மனம் அங்கே சாய்வது இயல்பு. ஆனால் வந்து சேர்ந்த பிறகு விலை பிடித்துப்போவது வேறு, விலைக்காகவே வருவது வேறு. பழைய விலையைக்கூட அவர்கள் நியாயம் என்றே சொல்லியிருக்கலாம். இரண்டாவது தெரிவு அந்தப் படகுக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் ஓட்டையை அடைப்பது அதுதான். கடல்தான் காரணமென்றால் கரையில் நின்ற எல்லாப் படகும் நிரம்பியிருக்க வேண்டுமே.

"மற்றப் படகுக்குப் போக இருந்தவர்கள் இவரிடம் வந்திருந்தால், சித்தி?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அப்படியென்றாலும் அவர்களை இழுத்தது விலை என்றுதானே ஆகிறது?

'புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது' என்று ஒரு தெரிவும் வைத்திருந்தேன். உண்மைதான், ஆனால் வாதத்துக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. 'ஜூனில் கடல் மேயைவிட அமைதியாக இருந்தது' என்பது வாதத்தின் காலையே வாரிவிடும். அவசரத்தில் கேள்வியை மறந்து அதைத் தெரிவு செய்பவர்களும் உண்டு.

அப்புறம் முறை பற்றி. தெரிவை மறுத்துப் பார், வாதம் விழுந்தால் அதுதான் விடை என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எடுகோளை, அதாவது வாதம் வாய்விட்டுச் சொல்லாமலே நம்பியிருப்பதை, கேட்கும் கேள்விக்கு அது அருமையான கருவி. வலுப்படுத்தும் கேள்வியில் அதையே நம்பினால் சரியான விடையும் கைநழுவிப் போகலாம். 'இன்னொரு படகுக்காரர் ஆகஸ்டில் விலையைக் குறைத்தபோது அவருக்கும் ஆட்கள் கூடினார்கள்' என்பது வாதத்துக்கு நல்ல முட்டு. மறுத்துப் பாருங்கள்: அவர் விலையைக் குறைக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டால், முதல் படகுக்காரரின் கதைக்கு என்ன குறைந்துவிடும்? ஒன்றுமில்லை. வலுவூட்டுவது வாதத்துக்கு இன்றியமையாததாக இருக்க வேண்டியதில்லை, வாதத்தை முற்றாக நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அதனால் நான் ஏற்றுப் பார்க்கச் சொல்வேன். தெரிவை உண்மையென்று எடுத்துக்கொண்டு முடிவை மறுபடி வாசியுங்கள், முன்பைவிட நம்பத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

இப்போதைய ஜிமேட்டில் மொழிப் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் முழுதாகக் கிடைக்காது. ஓட்டையை முதலிலேயே பார்த்தவருக்கு அது போதும். அவள் இப்போது பென்சிலால் வாதத்தின் ஓரத்தில் 'வேறென்ன காரணம்?' என்று எழுதிவிட்டுத்தான் தெரிவுகள் பக்கம் போகிறாள்.